நூறில் பதினைந்து போனால் போதும்

ஆன்லைன் விற்பனை வந்தபிறகு கடைகள் இருக்குமா, இருக்காதா என்று கேட்டால் இரண்டு பதில்களைத்தான் அடிக்கடி கேட்கிறோம். "இன்னும் பத்து வருஷத்தில் கடையே இருக்காது" என்பது ஒன்று. "தொட்டுப் பார்த்து வாங்குகிற பழக்கம் எங்கே போய்விடும்?" என்பது மற்றொன்று. இரண்டுமே கணக்குப் போடாமல் சொல்லப்படுபவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் கடைக்கே வந்துகொண்டிருக்கும்போதும் அந்தக் கடை மூடப்படலாம். எனக்குக் கவலை தருவது இதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கல்லாவின் கணக்கு

ஒரு கடையின் மாத விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வாங்கிய செலவு 80 போக, கையில் நிற்பது 20. வாடகை, சம்பளம், மின்சாரம், கடன் வட்டி எல்லாம் சேர்ந்து 17. மிச்சம் 3. சில்லறை வியாபாரத்தில் இது நொடித்த கடை இல்லை, ஒழுங்காக ஓடுகிற கடை.

இப்போது விற்பனையில் 15 பங்கு ஆன்லைனுக்குப் போகிறது. விற்பனை 85, கொள்முதல் 68, கையில் நிற்பது 17. வாடகைக்காரர் 15 சதவீதம் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆட்களில் 15 சதவீதத்தைக் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் கடையில் இருப்பதே மூன்று பேர். மிச்சம் பூஜ்யம்.

நடைமுறையில் நிலைமை இதைவிடக் கடினம். போகிற சரக்கு சராசரிச் சரக்காக இருப்பதில்லை. சார்ஜர், கேபிள், இயர்போன், அழகுப் பொருள், அச்சுப்பொறி மை போன்றவை சிறியவை, எடை குறைந்தவை, பெயரோ மாடல் எண்ணோ உள்ளவை. கடையில் அதிக லாபம் தருபவையும் இவையே. முதலில் ஆன்லைனுக்குப் போவதும் இவைதான். இவற்றில் லாப விகிதம் 35 என்றால், 10 பங்கு விற்பனை போனதுமே 3.5 போய்விடுகிறது. கடைக்காரரின் மொத்த மிச்சமே 3 தான். எடை அதிகமாகவும் லாபம் குறைவாகவும் இருக்கிற சரக்கு மட்டும் அலமாரியில் தங்கிவிடும். கூட்டம் குறையவில்லையே, கல்லா மட்டும் ஏன் காலியாகிறது என்று பல கடைக்காரர்களுக்குப் புரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

10 அல்லது 15 பேர் போவதால் மிச்சமுள்ள 85 பேருக்கும் கடை இல்லாமல் போகிறது. அந்த 85 பேரில் வயதானவர்கள் இருப்பார்கள், வங்கி அட்டையோ ஸ்மார்ட்போனோ இல்லாதவர்கள் இருப்பார்கள். ஆன்லைனில் வாங்கத் தெரிந்தும் சில பொருள்களுக்குக் கடைதான் சரி என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் யாரையும் யாரும் கேட்கப்போவதில்லை.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு வெளியில் வரும் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் மொத்தச் சில்லறை விற்பனையில் ஆன்லைனின் பங்கு 2020-இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 12 சதவீதம். ஊரடங்கு மாதங்களில் அது 16 சதவீதத்தை எட்டியது. பிறகு சற்று இறங்கி, 2024 வாக்கில்தான் மீண்டும் 16-ஐத் தொட்டது. வீட்டை விட்டு வெளியே வர முடியாத மாதங்களில்கூட ஆறில் ஒரு பங்குதான் என்பதைச் சுட்டிக்காட்டி, "பார்த்தீர்களா, கடைகள் பிழைத்துக்கொண்டன" என்று சொல்பவர்கள் உண்டு. மேலே உள்ள கணக்கைப் போட்டவர்களுக்கு 16 சிறிய எண்ணாகத் தெரியாது. சீனாவிலும் தென்கொரியாவிலும் அது கால்பங்கைத் தாண்டிவிட்டது.

வாங்குபவர் சம்பளமில்லாமல் செய்யும் வேலை

ஆன்லைன் ஏன் 100-ஐ எட்டாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அது வேறிடத்தில் தொடங்குகிறது.

1916-க்கு முன்னால் மளிகைக் கடைகளில் வாங்குபவர் கவுன்டருக்கு வெளியே நிற்பார். பட்டியலைச் சொல்வார். கடைப்பையன் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பான். அந்த ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடை இதை மாற்றியது. வாங்குபவர் கூடையை எடுத்துக்கொண்டு தானே உள்ளே போய், தானே எடுத்து, வாசலில் பணம் கட்டினார். கடைப்பையனின் சம்பளம் மிச்சமாகி விலை இறங்கியது. இன்றைய சூப்பர் மார்க்கெட்டின் விலை முழுக்க இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

அதாவது கடையில் வாங்குபவர் மூன்று வேலைகளைச் சம்பளம் வாங்காமல் செய்கிறார்: பொருளைத் தேடி எடுக்கிறார், நல்லதா என்று சோதிக்கிறார், வீட்டுக்குச் சுமந்து போகிறார். ஆன்லைனில் இந்த மூன்றும் விற்பவரின் தலையில் விழுகின்றன. எடுக்க ஓர் ஆள், கட்ட ஓர் ஆள், கொண்டுபோக ஓர் ஆள். சோதிக்கும் வேலை வீட்டுக்கு வந்தபிறகு நடக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பொருள் திரும்பி வரும் செலவும் விற்பவருடையதே.

ஓர் ஆர்டருக்கு எடுப்பது, கட்டுவது, கொண்டுசேர்ப்பது எல்லாம் சேர்ந்து 12 என்று வைத்துக்கொள்வோம். பொருளின் விலை 100, லாபம் 25 என்றால் 13 மிஞ்சும். அதே வண்டியில், அதே உழைப்பில் போகும் பொருளின் விலை 40 என்றால் லாபம் 10 தான். ஆகவே 2 நஷ்டம். "இத்தனைக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்" என்ற எல்லை பெரும்பாலான ஆன்லைன் தளங்களில் இருப்பது இதனால்தான். அந்த எல்லை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே அந்தத் தளத்துக்கு எந்த அளவில் நஷ்டம் நிற்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அடுத்து ரிட்டர்ன். உடை வியாபாரத்தில் கால்பங்கு திரும்பி வருவது சாதாரணம். 100 ஆர்டரில் 30 திரும்புகிறது என்று எடுத்துக்கொள்வோம். போகும் செலவு 100 × 12 = 1,200. திரும்பி வரும் செலவு ஒன்றுக்கு 10 வீதம் 300. பிரித்துப் பார்த்து, சலவை மணமோ கறையோ இருக்கிறதா என்று சோதித்து, இஸ்திரி போட்டு, புது உறையில் போட ஒன்றுக்கு 4 வீதம் 120. ஆக மொத்தம் 1,620. உண்மையில் விற்றது 70 தான். எனவே ஒரு விற்பனையின் மேல் விழும் செலவு 12 அல்ல, 23-ஐத் தாண்டுகிறது. லாபம் 25 என்றால் கையில் நிற்பது 2 கூட இல்லை. இதற்குள் விளம்பரச் செலவு, தளத்தின் கமிஷன், பணம் செலுத்தும் வசதிக்கான கட்டணம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. திரும்பி வந்த 30-இல் சிலவற்றைப் புதியதாக விற்கவும் முடியாது. பருவம் முடிந்து வந்துசேரும் உடையைக் கழிவு விலைக்கு மொத்தமாகத் தள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது சிக்கல் இடம். கூரியர் நிறுவனங்கள் எடைக்கு மட்டும் கட்டணம் வாங்குவதில்லை, வண்டியில் அடைக்கும் இடத்துக்கும் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது விமான வழிக் கூரியரில் பரவலான முறை. வரும் எண்ணைக் கிலோ என்று கொண்டு, உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது பெரிதோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 60 × 40 × 20 செ.மீ. பெட்டியில் வைத்த தலையணையைப் பாருங்கள். 48,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 9.6. ஒரு கிலோ தலையணைக்கு ஏறக்குறைய பத்துக் கிலோவுக்கான கட்டணம்! காற்றை உறிஞ்சி உயரத்தை 5 செ.மீ. ஆக்கினால் அது 2.4 கிலோவாக இறங்குகிறது. நுரை மெத்தையைச் சுருட்டி அழுத்திப் பெட்டியில் அடைக்கும் எந்திரம் பரவிய பிறகுதான் மெத்தை ஆன்லைனில் பெரிதாக விற்கத் தொடங்கியது. ஒரு பொருள் ஆன்லைனுக்கு ஏற்றதா இல்லையா என்பதைப் பல சமயம் வாங்குபவரின் மனத்தைவிட அட்டைப்பெட்டியின் அளவே தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கை மீறப் பார்த்தவர்களும் உண்டு. வெப்வான் என்ற நிறுவனம் 1999-இல் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் மளிகையை வீட்டுக்கே கொண்டுவந்து தரத் தொடங்கியது. பிரம்மாண்டமான தானியங்கிக் கிடங்குகளைக் கட்டியது. கிடங்கு நிரம்ப ஓடினால்தான் செலவு கட்டுப்படியாகும், ஆனால் ஆர்டர்கள் அந்த அளவுக்கு வரவில்லை. 2001 ஜூலையில் மூடப்பட்டது. பத்து நிமிட டெலிவரி என்று புறப்பட்ட கெட்டிர் இஸ்தான்புல்லில் 2015-இல் தொடங்கி, 2022 முடிவில் பெர்லினின் கொரில்லாஸ் நிறுவனத்தை வாங்கி, 2024-இல் அமெரிக்காவிலிருந்தும் துருக்கிக்கு வெளியிலிருந்த ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வெளியேறியது.

விரைவு டெலிவரியில் எல்லாமே ஓர் எண்ணில் இருக்கிறது: வண்டி ஓட்டுபவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆர்டர் கொடுக்கிறார்? அவருடைய ஒரு மணி நேரச் செலவு 12 என்போம். சராசரி ஆர்டர் 50, லாபம் 10, எடுத்துக் கட்டவும் பணம் வசூலிக்கவும் 4. மிச்சம் 6. மணிக்கு 2 ஆர்டர் என்றால் ஓர் ஆர்டருக்கு 6 ஓட்டுபவருக்கே போய்விடும். 4 ஆர்டர் என்றால் 3 போக 3 நிற்கும். அதில்தான் கிடங்கின் வாடகையைக் கொடுக்க வேண்டும். ஆகவே வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், ஓட்டுபவரின் கூலி குறைவாக இருக்கும் இடத்தில் இது நிற்கும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் நிற்காது. அந்தக் கிடங்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள், குடியிருப்புக்கு நடுவில்தான் இருந்தாக வேண்டும். ஒரு விதத்தில் அதுவும் கடையே. கதவு மட்டும் வாங்குபவருக்குச் சாத்தப்பட்டிருக்கிறது.

பெயர் தெரிந்த பொருள், பெயர் தெரியாத பொருள்

எந்தப் பொருள் எங்கே போகும் என்று பிரிக்க "தொட்டுப் பார்க்க வேண்டுமா" என்ற கேள்வியைத்தான் வழக்கமாகக் கேட்கிறார்கள். அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: வாங்குபவருக்குத் தனக்கு வேண்டியதன் பெயர் தெரியுமா? ஆன்லைன் தேடல் பெட்டிக்குப் பெயர் வேண்டும். கடைக் கவுன்டருக்கு உடைந்த துண்டு போதும்.

குழாய் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒழுகும் குழாயைக் கழற்றி, அதன் திருகு மரையின் வெளிவிட்டத்தை அளவுகோலால் அளந்தால் 21 மில்லிமீட்டர் வரும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., ஆகவே முக்கால் அங்குலம் 19, இதுதான் அதற்கு மிக அருகில் வருகிறது என்று நினைத்து முக்கால் அங்குல இணைப்பை ஆர்டர் செய்வார்கள். வருவது பொருந்தாது. பிரிட்டிஷ் குழாய் மரை அளவில் 20.96 மி.மீ. வெளிவிட்டம் உள்ள மரைக்குப் பெயர் அரை அங்குலம். முக்கால் அங்குல மரையின் வெளிவிட்டம் 26.4 மி.மீ. பெயரில் இருக்கும் அளவு பழைய காலத்து இரும்புக் குழாயின் உள்விட்டத்திலிருந்து வந்தது, மரையில் அளந்தால் அது கிடைக்காது. தேடல் பெட்டி இதைச் சொல்லித் தராது. கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே "அரை இன்ச்" என்பார். கூடவே "வாஷர் வாங்கினீர்களா? டேப் சுற்றினீர்களா?" என்று கேட்பார். இந்த இரண்டு கேள்விகள் இன்னொரு நடையை மிச்சப்படுத்துகின்றன.

மறுபக்கமும் உண்மை. ஒரு பழைய மிக்ஸியின் பாக எண் கையில் இருக்கிறது என்றால் எந்தக் கடையும் ஆன்லைனுக்கு ஈடாகாது. வருஷத்துக்கு இரண்டு பேர் கேட்கும் பாகத்தைத் தெருக் கடை வாங்கி வைக்க முடியாது, அதில் முடங்கும் பணத்துக்கு வட்டி யார் கொடுப்பது? ஒரே கிடங்கில் இருந்து நாடு முழுக்க விற்பவருக்கு அதே பாகம் மாதம் நூறு போகும்.

உடையும் காலணியும் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. பெயர் தெரியும், அளவுதான் தெரியாது. "எல்" என்ற எழுத்துக்கு எங்கும் ஒரே அளவு கிடையாது. துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் வெட்டும்போது மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் சிறு வித்தியாசம் வரும், தையலில் இன்னும் கொஞ்சம் சேரும். மார்பளவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதல் குறைவைத் தொழிற்சாலைகளே ஏற்றுக்கொள்கின்றன. பருத்திப் பின்னலாடை முதல் சலவையில் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 70 செ.மீ. நீள டி-சட்டை 3.5 செ.மீ. குட்டையாகிவிடும்.

ஆன்லைனில் உடை வாங்கியே ஆக வேண்டும் என்றால் உடம்பை அளக்காதீர்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டையை மேசையில் தட்டையாக விரித்து, அக்குளுக்கு அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். பிறகு தளத்தின் அளவுப் பட்டியலைப் பாருங்கள். அது உடம்பின் அளவா, சட்டையின் அளவா என்பது முக்கியம். தாராளமான சட்டையில் இரண்டுக்கும் 8 முதல் 12 செ.மீ. வரை வித்தியாசம் இருக்கும். பட்டியலில் அது எது என்று எழுதவில்லை என்றால் அந்தத் தளத்தில் அளவை நம்ப வேண்டாம். காலணிக்கு, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, இரண்டு பாதங்களையும் அளந்து, நீளமானதை எடுத்து, ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு அளவுகளை வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்புவது சுலபமாகத் தோன்றும். மேலே போட்ட 30 ரிட்டர்ன் கணக்கில் அதுவும் ஒன்று. அந்தச் செலவு கடைசியில் எல்லாருடைய விலையிலும் வந்து ஏறும்.

காய், பழம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இன்றே சமைக்க வேண்டியதா, மூன்று நாள் வைக்க வேண்டியதா என்று தெரிந்து எடுப்பவர் வீட்டுக்காரர். கிடங்கில் எடுப்பவருக்கு அது தெரியாது, மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு மட்டும் தெரியும். குறை அவருடையது இல்லை, அந்த வேலை அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

விலை என்ற நம்பிக்கை

ஆன்லைன் என்றால் மலிவு என்பது பாதி உண்மை. கடையும் தளமும் இரண்டும் வைத்திருக்கும் 56 பெரிய நிறுவனங்களைப் பத்து நாடுகளில் ஒப்பிட்டு, பொருளியல் ஆய்வாளர் அல்பர்ட்டோ கவால்லோ 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிறுவனத்தின் கடை விலையும் தள விலையும் 72 சதவீத நேரம் ஒன்றாகவே இருந்தன. தளத்தில் மட்டும் விற்பவர்கள் சில பொருள்களில் விலையை இறக்குவது உண்மைதான். எந்தப் பொருளில் இறக்குகிறார்கள் என்று கவனியுங்கள். பலரும் விலையை மனப்பாடமாக வைத்திருக்கும் பொருளில் இறக்குவார்கள். அதோடு சேர்த்து வாங்கும் உறை, கேபிள், நீட்டித்த உத்தரவாதம் போன்றவற்றில் எடுத்துக்கொள்வார்கள். பில்லின் மொத்தத் தொகையை ஒப்பிடாமல் ஒரு பொருளை மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

தளம் கடை திறக்கும்போது

அஞ்சல் வழியாக விற்பது புதிதல்ல. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் தடித்த விலைப்பட்டியலை வீடு வீடாக அனுப்பி, ரயிலில் சரக்கை அனுப்பிப் பெரிதானது. அதே நிறுவனம் 1925-இல் சிகாகோவில் முதல் கடையைத் திறந்தது. 1931-இல் கடை விற்பனை அஞ்சல் விற்பனையைத் தாண்டிவிட்டது. 1993-இல் அது தன் பொது விலைப்பட்டியலை நிறுத்தியது. அடுத்த ஆண்டு அமேசான் பதிவாகிறது! 2018-இல் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது.

கண்ணாடி விற்கும் வார்பி பார்க்கர் 2010-இல் தளமாக மட்டும் தொடங்கி, ஐந்து பிரேம்களை வீட்டுக்கு அனுப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லிப் பெயர் வாங்கியது. 2013-இல் நியூயார்க்கில் கடை திறந்தது. இப்போது 200-க்கும் மேற்பட்ட கடைகள், வருவாயில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான். கண் பரிசோதனையை அஞ்சலில் அனுப்ப முடியாது. காதுக்குப் பின்னால் பிரேமை வளைத்துச் சரிசெய்வதையும் அனுப்ப முடியாது. அமேசான் 2015-இல் சியாட்டிலில் புத்தகக் கடை திறந்து, 2022-இல் தன் புத்தகக் கடைகள் அனைத்தையும் மூடுவதாக அறிவித்தது. 2017-இல் வாங்கிய ஹோல் ஃபுட்ஸ் மளிகைக் கடைகளை மூடவில்லை. புத்தகம் எண் உள்ள பொருள், மளிகையில் எடுத்துச் சுமக்கும் வேலையை வாங்குபவரே செய்கிறார் என்று பார்த்தால் இது பொருந்துகிறது.

ஆனால் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் பார்டர்ஸ் புத்தகக் கடைகள் 2011-இல் மூடப்பட்டபோது பெரிய புத்தகக் கடைகளின் கதை முடிந்தது என்றார்கள். 2019-இல் பார்ன்ஸ் அண்ட் நோபிள் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் டான்ட், முன்மேசையில் புத்தகத்தை வைக்கப் பதிப்பகங்களிடம் பணம் வாங்கும் வழக்கத்தை நிறுத்தினார். எதை வாங்குவது, எதை எங்கே அடுக்குவது என்பதை அந்தந்தக் கடை ஊழியர்களிடமே விட்டார். விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பும் புத்தகங்கள் குறைந்தன. சில ஆண்டுகளில் நிறுவனம் மூடுவதைவிட அதிகமாகக் கடைகளைத் திறக்கத் தொடங்கியது. பெயர் தெரிந்த புத்தகத்தைத் தளத்தில் வாங்குகிறவரே, பெயர் தெரியாத புத்தகத்தைத் தேடிக் கடைக்கு வருகிறார். அங்கே வேலை செய்பவர் படிப்பவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டு, திரைப்பட வட்டு வாடகைக் கடைகளை இதோடு சேர்க்கக் கூடாது. பிளாக்பஸ்டர் 2010-இல் திவாலானது. வட்டை அஞ்சலில் அனுப்பிய நெட்ஃபிளிக்ஸ் அதற்குப் போட்டியாக இருந்தது, ஆனால் வட்டு என்ற பொருளே மறையத் தொடங்கியிருந்தது. அங்கே கடையோடு போட்டியிட்ட பார்சலும் பிறகு இல்லாமல் போய்விட்டது.

கடை வைத்திருப்பவர் செய்யக்கூடியவை

முதல் தவறு, இருக்கிற 4,000 உருப்படிகளையும் ஒரே நாளில் தளத்தில் ஏற்றுவது. ஏற்றுவது கடினமில்லை, இருப்பு எண் சரியாக இருக்க வேண்டுமே. ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், 65 சதவீதப் பதிவுகள் அலமாரியில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. கணினியும் பார்கோடும் வைத்திருந்த நிறுவனம் அது.

பிழை வரும் வழிகள் மிகச் சாதாரணமானவை. மூன்று மணத்தில் மூன்று சோப்பு வாங்குகிறார், பில் போடுபவர் ஒன்றையே மூன்று முறை ஸ்கேன் செய்கிறார்: கணினிக் கணக்கில் ஒரு மணத்தில் இரண்டு குறைகிறது, மற்ற இரண்டில் ஒவ்வொன்று கூடுகிறது. பெட்டியில் 12 என்று அச்சிட்டிருக்கிறது, பிரித்து எண்ணாமல் 12 என்றே பதிகிறார்கள், உள்ளே 11. உடைந்ததை ஓரமாக வைக்கிறார்கள், கணக்கிலிருந்து எடுப்பதில்லை. கடைக்குள் மட்டும் விற்கும்போது இதெல்லாம் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வாங்குபவர் அலமாரியைப் பார்க்கிறார். தளத்தில் அவர் பார்ப்பது கணினி எண்ணை. "இருக்கிறது" என்று பணம் வாங்கிவிட்டு, மறுநாள் "இல்லை, மன்னிக்கவும்" என்றால் அவர் திரும்ப வரமாட்டார்.

ஆகவே அதிகம் விற்கும் 200 உருப்படிகளோடு தொடங்குங்கள். தினமும் கடை திறந்ததும், கூட்டம் வருமுன், 20 உருப்படிகளை எண்ணிக் கணினியோடு ஒப்பிடுங்கள். பத்து நாளில் ஒரு சுற்று முடியும், மறுபடி முதலிலிருந்து. வருஷத்துக்கு ஒரு முறை கடையை அடைத்து எண்ணுவதைவிட இது நல்லது. பிழை நடந்து பத்து நாளுக்குள் தெரிந்தால் காரணத்தையும் கண்டுபிடிக்கலாம். இருப்பு 2 அல்லது அதற்குக் கீழ் வந்தால் தளத்தில் "இருப்பு இல்லை" என்று காட்டும்படி அமையுங்கள். அந்த இரண்டு விற்பனை போனாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு அனுப்புவதைவிட, பதிவு செய்துவிட்டுக் கடையில் வந்து எடுத்துக்கொள்ளும் முறை சிறு கடைக்குப் பல மடங்கு நல்லது. மூன்று இலவச வேலைகளில் இரண்டு, சோதிப்பதும் சுமப்பதும், வாங்குபவரிடமே திரும்பிவிடுகின்றன. இதற்குக் கல்லாவுக்கு எட்டும் தூரத்தில் ஒரு தனி அலமாரி வேண்டும். பையின் மேல் பெயரைவிட ஆர்டர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைப் பெரிதாக எழுதுங்கள், தேடுவது சுலபம். மூன்று நாளில் வராவிட்டால் அழைத்துக் கேட்டுவிட்டுச் சரக்கை அலமாரிக்கு அனுப்புங்கள். அந்தச் சரக்கைக் கணினியில் மறுபடி ஏற்றுவதை மறந்துவிடுவதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

கடையில் பார்த்துவிட்டுத் தளத்தில் வாங்குபவர்கள் மேல் கோபப்படுவதில் பயன் இல்லை. அமெரிக்காவில் மின்னணுப் பொருள்கள் விற்கும் பெஸ்ட் பை நிறுவனம் 2013-இல் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டது. ஆன்லைன் விலைக்கே தருவதாக அறிவித்தது. சாம்சங் போன்ற தயாரிப்பாளர்களுக்குக் கடைக்குள்ளேயே தனி இடம் கொடுத்தது. காட்சிக்கு வைப்பதால் பயன் அடைவது தயாரிப்பாளரும்தான், எனவே அந்தச் செலவில் அவருக்கும் பங்கு இருப்பது நியாயம். சிறு கடையும் இதைக் கேட்கலாம்: காட்சிக்கு வைக்கும் மாதிரியை மொத்த வியாபாரியிடம் கடனாகவோ பாதி விலைக்கோ கேளுங்கள். பலர் தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் இன்றே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. அதற்குக் கணினி வேண்டாம். தளம் வைத்திருப்பவருக்கு, யார் எதைத் தேடி, கிடைக்காமல் போனார்கள் என்பது தானாகப் பதிவாகிறது. கடையில் அது "இல்லைங்க" என்ற ஒரு சொல்லோடு காற்றில் போய்விடுகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். யார் எதைக் கேட்டு இல்லை என்று சொன்னாலும், அவர் வாசலைத் தாண்டுமுன் தேதியோடு எழுத வேண்டும். கேட்டவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், "குழாய்க்கு உள்ளே போகும் கறுப்பு வளையம்" என்றால் அப்படியே. மாதக் கடைசியில் புரட்டிப் பாருங்கள். மூன்று முறை வந்ததை மூன்று உருப்படி மட்டும் வாங்கி வையுங்கள். விற்றால் ஆறு.